பார்த்துக்கொண்டிருந்தவர்கள்

கோவில்பட்டி
6.7.2025

அன்புள்ள அத்தைக்கு,

ப்ரியா எழுதுகிறேன். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். உங்கள் கழுத்து வலி தேவலையா? மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கையில் போன் இருக்கும்போது இவள் ஏன் இன்லேண்ட் லெட்டர் வாங்கி எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் சொல்ல முடியாத விஷயம். அந்த விஷயமே போனைப் பற்றியதுதான்.

நீங்கள் மே லீவுக்கு வந்துவிட்டுப் போனதிலிருந்து அப்பாவுக்கு எல்லாம் தெரிகிறது. டியூஷன் முடிந்து பேக்கரிக்குப் போகலாம் என்று சுடலைச்செல்வி எனக்கு மெசேஜ் போட்டாள். நான் பதில்கூடப் போடவில்லை. ராத்திரி சாப்பிடும்போது அப்பா தலையைத் தூக்காமல், "டியூஷன் விட்டா நேரா வீட்டுக்கு வரணும். பேக்கரின்னு அங்கன இங்கன நிக்கப்பிடாது" என்றார். அவரிடம் யார் சொன்னது? ஒன்பது மணியானால் நெட் தானாக நின்றுவிடுகிறது. முகப்பருவுக்கு என்ன போடலாம் என்று தேடினேன். மறுநாள் அம்மாவிடம் கடலை மாவு வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

இதெல்லாம் போகட்டும். வேறு ஒன்று இருக்கிறது. சுந்தரி அக்காவோடு நான் பேசிக்கொண்டிருக்கிறேன். ஒன்றரை வருஷமாக. 'சுகுணா மேக்ஸ்' என்ற பெயரில் எண்ணைப் பதிந்து வைத்திருக்கிறேன். அக்காவும் மாரிச்சாமி அத்தானும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கிறார்கள். அக்காவுக்கு இது ஆறாம் மாசம்.

அத்தானைக் கட்டிக்கொண்டதற்காக, பசுவந்தனையில் பெரியப்பா எல்லாரையும் கூட்டி வைத்து அக்காவைத் தலை முழுகச் சொன்னபோது, வராமல் இருந்தது நீங்கள் ஒருவர்தான். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். அப்பா இதைப் பார்த்திருந்தால் பெரியப்பாவிடம் சொல்லிவிடுவாரா? அவர்கள் அங்கே போய் ஏதாவது செய்துவிடுவார்களா? அக்காவை வீடு மாறச் சொல்லட்டுமா?

நீங்கள் கம்ப்யூட்டர் டீச்சர். என் போனில் ஏதாவது இருக்கிறதா என்று உங்களுக்குத்தான் தெரியும். பதிலைச் சுடலைச்செல்வி வீட்டு முகவரிக்கு எழுதுங்கள். பின்னால் எழுதியிருக்கிறேன்.

உங்கள்
கிருஷ்ணப்ரியா

•

திண்டுக்கல்
12.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

முத்துசெல்வி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். மதினி தீப்பெட்டி ஆபீசுக்கு இப்போதும் போகிறார்களா? பஸ்ஸில் நின்று நின்று உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறதோ.

மே மாதம் ப்ரியா போனில் நான் போட்டுக் கொடுத்த செயலியை எடுத்துவிடுங்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு ஒருவர் வந்து, எந்தப் பிள்ளையையும் நம்ப முடியாத காலம் இது என்று இரண்டு மணி நேரம் பேசினார். அந்தப் பயத்தோடு ஊருக்கு வந்தேன். நீங்களும் 'மூத்தவளைத்தான் விட்டுட்டேன்' என்றீர்கள். போட்டுக் கொடுத்துவிட்டேன். இப்போது யோசித்துப் பார்த்தால் அது சரியில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளை. நெட்டுக்கு நேரம் வைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அவள் யாரிடம் என்ன பேசுகிறாள் என்று நாம் படிக்க வேண்டாம்.

இதுவரை படித்ததில் ஏதாவது இருந்தால் அதைப் பசுவந்தனைக்கு, மந்திரமூர்த்தி அண்ணனிடம் கொண்டு போகாதீர்கள். சும்மா ஒரு எச்சரிக்கைக்குச் சொல்கிறேன்.

அன்புத் தங்கை
முத்துசெல்வி

•

திண்டுக்கல்
12.7.2025

அன்புள்ள ப்ரியாவுக்கு,

அத்தை ஆசியுடன் எழுதுவது. கழுத்து வலி பரவாயில்லை. மாமா உன்னைக் கேட்டார்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. உன் போனில் என்ன இருக்கிறது என்று இங்கிருந்து பார்க்காமல் சொல்ல முடியாது. இந்தக் காலத்துப் போனில் எதுவும் இருக்கலாம். அதனால் நான் சொல்வதை மட்டும் செய். அக்காவின் எண்ணுக்கு இனி எதுவும் அனுப்பாதே. அவளிடமிருந்து வந்ததையெல்லாம் அழித்துவிட்டு அந்த எண்ணைத் தடுத்துவிடு. கொஞ்ச நாளைக்குத்தான். அக்காவுக்கு இதில்தான் பாதுகாப்பு.

படிப்பைக் கவனி. வேளைக்குச் சாப்பிடு.

பிரியமுள்ள அத்தை
முத்துசெல்வி

•

எப்போதும்வென்றான்
27.7.2025

அன்புத் தங்கை முத்துசெல்விக்கு,

மகாராஜா எழுதுவது. நலம், நலமறிய ஆவல். பஸ் இங்கே திரும்பிப் புறப்பட இருபது நிமிஷம் இருக்கிறது. டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறார். அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

நீ சொன்னபடி எடுத்துவிடத்தான் நினைத்தேன். பிறகு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ப்ரியா மேல் சந்தேகம் ஒன்றுமில்லை. அவள் நல்ல பிள்ளை. அண்ணாச்சியிடம் நான் எதையும் சொல்லவில்லை, சொல்லப் போவதுமில்லை. அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

இங்கே வெயில் குறையவில்லை. கரிசல் வெடித்துக் கிடக்கிறது. புரட்டாசிக்கு மழை விழுந்தால்தான் உளுந்து போட முடியும்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். மாசமாக இருக்கிறவர்களுக்குக் கால் வீங்கினால் உப்பைக் குறைத்தால் போதுமா, இல்லை டாக்டரிடம் காட்ட வேண்டுமா? டிப்போவில் ஒருவர் தன் வீட்டுக்காகக் கேட்டார். உன் பள்ளிக்கூடத்தில் விவரமான டீச்சர்கள் இருப்பார்கள். விசாரித்து எழுது.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம்.

அன்புடன்
மகாராஜா

•

கோவில்பட்டி
10.8.2025

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே மூவரும் சுகம். அங்கே இருவரும் சுகம்தானே?

நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டேன். உங்கள் கடிதம் வந்த அன்றே எண்ணைத் தடுத்துவிட்டேன். அதற்கு முந்தைய நாள் அக்கா தன் காலைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். செருப்பு நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தது. நான் அதற்குப் பதில் போடவே இல்லை.

போன தடவை உங்களுக்கு எழுதாத ஒன்று இருக்கிறது. ஜூலை ஐந்தாம் தேதி அக்கா, 'பிரசவத்துக்கு அம்மாவை எப்படியாவது அனுப்ப முடியுமாடி, அம்மாவிடம் நீ ஒரு வார்த்தை கேளேன்' என்று கேட்டிருந்தாள். கேட்கிறேன் என்று சொன்னேன். கேட்கவில்லை. அம்மாவிடம் சொன்னால் அப்பாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரிந்தால் பெரியப்பாவுக்குத் தெரியும் என்று பயம். அம்மா வேலை செய்கிற இடத்தில் பாலம்மாள் மகளுக்கு ஆடி முடிந்து வளைகாப்பாம். அதைச் சொல்லிவிட்டு அம்மா ரொம்ப நேரம் அரிசியையே களைந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன் அத்தை. வாய் வரை வந்தது.

அப்பா நடந்துகொள்வது இப்போது வேறு மாதிரி இருக்கிறது. போன வாரம் அவராகவே எனக்கு ரீசார்ஜ் செய்துவிட்டார். நெட் பத்தரை வரைக்கும் வருகிறது. நேற்று என் பக்கத்தில் வந்து நின்று, "ஏட்டி, ஒன் போனு கெட்டுப் போச்சா? யார்ட்டயும் நீ பேசக் காணோமே" என்றார். படிக்க நிறைய இருக்கு என்றேன். "படிப்பு படிப்பா இருக்கட்டும். சேக்காளிகள்ட்ட ரெண்டு வார்த்தை பேசணும்லா" என்றார். என்னைப் பேச வைத்துப் பிடிக்கப் பார்க்கிறாரோ என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

இன்னும் எத்தனை நாள் தடுத்து வைக்க வேண்டும்?

உங்கள்
கிருஷ்ணப்ரியா

•

கோவில்பட்டி
24.8.2025

அன்புத் தங்கைக்கு,

மகாராஜா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

கால் வீக்கத்தைப் பற்றிக் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. டிப்போவில் யாரும் கேட்கவில்லை, செல்வி. நான்தான் கேட்டேன். சுந்தரிக்காக.

மே பதினெட்டாம் தேதி, நீ ஊருக்குக் கிளம்பிய மறுநாள். எப்போதும்வென்றானில் வண்டி நின்றதும், நீ போட்டுக் கொடுத்ததை என் போனில் திறந்தேன். ப்ரியாவுக்கு யாரோ கணக்கு டீச்சர், 'இன்னிக்குப் புளிச்சாதம் பண்ணினேன், அம்மா பண்ற மாதிரி வரல' என்று எழுதியிருந்தாள். டீச்சர் ஏன் இப்படி எழுதுகிறாள் என்று மேலே தள்ளிப் பார்த்தேன். என் மகள். டிக்கெட் கேட்டுப் பக்கத்தில் ஆள் வந்து நின்றதுகூட எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே ப்ரியாவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் நின்றுபோகும். அதனால் வாயைத் திறக்கவில்லை. தினமும் அந்த ஊருக்கு வண்டி எப்போது போய்ச் சேரும் என்று இருந்தேன். அவள் சமைத்தது, அவள் வீட்டுக்காரனுக்கு ஷிப்ட் மாறியது, பிள்ளை முதலில் அசைந்தது எல்லாம் எனக்குத் தெரியும். என்னைப் பற்றி எழுதியிருந்ததையும் படித்தேன். அது எனக்கு வேண்டியதுதான்.

வள்ளித்தாயைப் பிரசவத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தாள். அதைப் படித்து இன்றோடு ஏழு வாரம். வள்ளித்தாயிடம் சொல்லவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வேன்? தலை முழுகியவன் நான். முழுகிவிட்டு மகள் பேச்சைத் திருட்டுத்தனமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லவா?

இப்போது ஐந்து வாரமாக ஒன்றும் வரவில்லை. கடைசியாக வந்தது அந்த வீங்கிய கால்தான். ப்ரியாவுக்கு ரீசார்ஜ் செய்து பார்த்தேன், நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன், அவள் பேசுவதாக இல்லை. சுந்தரியின் எண் என்னிடம் இருக்கிறது. மூன்று முறை அடித்து, அந்தப் பக்கம் எடுப்பதற்குள் வைத்துவிட்டேன். ப்ரியா உன்னிடம் மனம் விட்டுப் பேசுவாள். என்ன ஆயிற்று என்று கேட்டு எழுது. நான் கேட்டதாகச் சொல்லாதே.

மகாராஜா

•

திண்டுக்கல்
30.8.2025

அண்ணனுக்கு,

செல்வி எழுதுவது. இன்றைக்கு நலம் விசாரிக்கத் தோன்றவில்லை.

உங்கள் கடிதம் வந்ததும் உங்கள் போனுக்கு அடித்தேன். நான்காவது தடவை மதினி எடுத்தார்கள். "அவிய குளிக்காவ. என்ன செல்வி?" என்று கேட்டார்கள். அதற்கு மேல் என்ன சொல்வது? சும்மாதான் கூப்பிட்டேன் என்று வைத்துவிட்டேன். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும்.

சுந்தரியோடு ப்ரியாவைப் பேச வேண்டாம் என்று சொன்னது நான். எண்ணைத் தடுக்கச் சொன்னதும் நான். நீங்கள் படித்துவிட்டு மந்திரமூர்த்தி அண்ணனிடம் சொல்வீர்கள், அவர் ஆள் அனுப்புவார் என்று பயந்தேன். நீங்கள் எதற்காகப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தச் செயலியைப் போட்டது நான்தான் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை. போனில் இடம் பற்றவில்லை என்று லாக் நம்பரைச் சொல்லி அவளே என் கையில் போனைக் கொடுத்தாள். நான் அதைச் சுத்தம் பண்ணித் தருகிறேன் என்றுதான் வாங்கினேன்.

கால் அந்த அளவுக்கு வீங்கினால் உப்பைக் குறைத்தால் போதாது. விசாரித்துவிட்டேன். உடனே காட்ட வேண்டும், பிரஷர் பார்க்க வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்ததும் மதினியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு இருவரும் கிளம்புங்கள். என் மேல் பழியைப் போட்டாலும் சரி, இன்றைக்கே சொல்லுங்கள்.

முத்துசெல்வி

•

கோவில்பட்டி
14.9.2025

அத்தைக்கு,

இந்த மாதம் நான்காம் தேதி காலையில் அம்மாவின் பட்டன் போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. மாரிச்சாமி அத்தான். அக்காவுக்கு முந்தின நாள் பிரஷர் ஏறி வலிப்பு வந்திருக்கிறது. ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. எட்டாம் மாசம், ஒன்றரைக் கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். அக்காவுக்கு அதுவரை நினைவு வரவில்லை.

அம்மா போனைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா டூட்டிக்குப் புறப்பட்டு நின்றார். முகத்தைப் பார்த்ததும் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"மாசமா இருக்கது ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எத்தனை நாளா?"

"வைகாசியில இருந்து."

"என்னையக் கேட்டாளா?"

அப்பா சட்டைப் பையிலிருந்து உங்கள் கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். அது அவருக்கு மூன்றாம் தேதியே கிடைத்திருக்கிறது. நாளைக்குச் சொல்லலாம் என்று பையிலேயே வைத்திருந்தாராம். நான் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நீங்கள் எழுதியிருந்த எல்லாவற்றையும். என் போனைப் பற்றி எழுதியிருந்த இடம் வந்தபோதும் நிறுத்தவில்லை.

அம்மா என் பக்கம் திரும்பி, "ஒனக்கும் தெரியும்" என்றாள். ஆமாம் என்றேன்.

அவள் அழவில்லை. இரண்டு சேலையைப் பைக்குள் வைத்தாள். அப்பா, "நானும் வாரேன் வள்ளி" என்றார். "வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் இங்கனயே இருங்க. போன் இருக்குல்லா, பாத்துக்கிட்டே இருங்க" என்றாள். தனியாகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போய்விட்டாள். அவள் மதுரையைத் தாண்டி எங்கேயும் தனியாகப் போனதில்லை.

அக்கா மூன்றாம் நாள் கண் திறந்தாளாம்.

நீங்களா அத்தை?

கிருஷ்ணப்ரியா

•

திண்டுக்கல்
20.9.2025

ப்ரியாவுக்கு,

நான்தான்.

உன் முதல் கடிதம் வந்தபோதே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, பார்க்காமல் சொல்ல முடியாது என்று எழுதினேன். உன் அக்காவைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான். நான் செய்தது உனக்குத் தெரியாமல் போகட்டும் என்பது மீதி. எண்ணைத் தடு என்று எழுதியபோது அந்தப் பக்கம் ஒரு பிள்ளைத்தாய்ச்சி தனியாக இருப்பாள் என்று நான் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. நீ அதற்காக உன்னை நொந்துகொள்ளாதே. நீ நான் சொன்னதைத்தான் செய்தாய்.

வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு நான்தான் பாடம் எடுக்கிறேன், கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று. நீ எனக்குக் கொடுத்தாய்.

நீண்ட விடுப்பு எடுத்து ஸ்ரீபெரும்புதூர் போகலாம் என்று மாமா சொல்கிறார். வரலாமா என்று மதினியிடம் கேட்க எனக்கு வாய் இல்லை. சுந்தரி எப்படி இருக்கிறாள், குழந்தை எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுது. என்னைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம்.

முத்துசெல்வி

•

திண்டுக்கல்
19.10.2025

அன்புள்ள ப்ரியாவுக்கு,

நாளைக்குத் தீபாவளி. உனக்கு ஒரு சுடிதார் துணி எடுத்தேன். அனுப்பலாமா என்று தெரியாததால் வைத்திருக்கிறேன். நீ எழுதாதது சரிதான். குழந்தை பிழைத்ததா என்று மட்டும் யாரையாவது எழுதச் சொல்.

அத்தை

•

கோவில்பட்டி
16.11.2025

அன்புத் தங்கைக்கு,

மகாராஜா எழுதுவது. நாங்கள் நலம். மாப்பிள்ளையும் நீயும் நலமாக இருக்க வேண்டும்.

குழந்தை பிழைத்துவிட்டது. முப்பத்தொரு நாள் பெட்டிக்குள் இருந்தது. இப்போது வீட்டில் இருக்கிறது, இரண்டரைக் கிலோ. சுந்தரி எழுந்து நடக்கிறாள். இடது கண்ணில் மட்டும் கொஞ்சம் மங்கல் இருக்கிறதாம், போகப் போகச் சரியாகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். வள்ளித்தாய் இன்னும் அங்கேதான். எனக்குப் போன் செய்வதில்லை. ப்ரியாவோடு பேசும்போது, 'ஒங்க அப்பா சாப்பிட்டாவளா' என்று கேட்கிறாள். அது காதில் விழுகிறது.

விஷயம் தெரிந்து அண்ணாச்சி கூப்பிட்டனுப்பினார். பசுவந்தனை போனேன். "தலை முழுகுனவட்ட மறுபடி என்னலே ஒறவு?" என்றார். "முழுகுனது நான். அவ ஒண்ணும் செத்துப் போகல" என்றேன். அவர் முன்னால் இப்படி நான் பேசியதில்லை. இனி இந்த வாசலுக்கு வராதே என்றார். சரி என்று வந்துவிட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. சொல்லியிருந்தால் வள்ளித்தாய் அஞ்சாம் மாசமே அங்கே போயிருப்பாள்.

ப்ரியாவிடம் என் போனையும் அவள் போனையும் கொடுத்து, "நீயே எடுத்துரு" என்றேன். எடுத்தாள். எடுத்து முடித்ததும், "ஒம்பது மணிக்கு நெட்ட நிறுத்துறது மட்டும் இருக்கட்டும், பரீட்சை வருது" என்று அவளாகவே சொன்னாள்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, செல்வி. நீ வழி காட்டினாய், உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது நான். ஆனால் ப்ரியாவுக்காக நான் எதுவும் சொல்ல முடியாது. அரையாண்டு லீவில் அவளைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் போகிறேன். வரலாம் என்று வள்ளித்தாய் சொல்லிவிட்டாள்.

அன்புடன்
மகாராஜா

•

ஸ்ரீபெரும்புதூர்
28.12.2025

அன்புள்ள அத்தைக்கு,

ப்ரியா எழுதுகிறேன். நாங்கள் எல்லாரும் இங்கே அக்கா வீட்டில் இருக்கிறோம்.

அப்பாவும் நானும் வந்தபோது கதவைத் திறந்தது அக்காதான். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "நீயும் என்னைய விட்டுட்டன்னு நெனச்சேண்டி" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்கூட ஆட்டோவில் போனையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். அதற்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. எண்ணைத் தடுத்தது என் விரல்தானே.

அப்பா வாசலுக்கு வெளியிலேயே நின்றார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மாரிச்சாமி அத்தான்தான், "உள்ள வாங்க மாமா" என்று பையை வாங்கிக்கொண்டார். அம்மா தண்ணீர் கொண்டு வந்து கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். பிறகு அக்கா கேட்டாள்.

"நான் ப்ரியாவுக்கு எழுதினத எல்லாத்தையும் படிச்சீங்களாப்பா?"

"படிச்சேன்."

"ஒங்களப் பத்தி எழுதினதையும்?"

"அதையும்தான்."

அக்கா என்ன எழுதியிருந்தாள் என்று எனக்குத் தெரியும். அப்பா செத்தால்கூட வர மாட்டேன் என்று எழுதியிருந்தாள். அதைப் படித்த பிறகும் அவர் தினமும் படித்திருக்கிறார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அதுவரை அழாத அம்மா அப்போதுதான் சேலைத் தலைப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா, "கைய நல்லா கழுவிட்டு வாங்க" என்றாள். அப்பா மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். அக்கா குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். அவர் உடம்போடு சேர்க்காமல் தள்ளியே பிடித்திருந்தார். "பிடிங்கப்பா, ஒண்ணும் ஆவாது" என்று அக்கா சொன்னாள்.

குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பகலெல்லாம் தூங்குகிறது. அக்காவுக்கு இடது கண் இன்னும் சரியாகவில்லை. ஜனவரியில் மறுபடி காட்ட வேண்டும்.

உங்களுக்குப் பதில் எழுது என்று அப்பா இரண்டு மாதமாகச் சொல்கிறார். அக்காவும் சொன்னாள், "அத்தை வேணும்னா செஞ்சா?" என்று. வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்கும் தெரியும். உங்கள் கடைசிக் கடிதம் இரண்டும் என் அறிவியல் நோட்டுக்குள் இருக்கின்றன. பல தடவை படித்துவிட்டேன். நடந்ததை நீங்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் போனைக் கையில் எடுக்கும்போதெல்லாம் உங்கள் ஞாபகம் வருகிறது. எழுதிய வரியை அனுப்பாமல் அழித்துவிடுகிறேன். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தும் அப்படித்தான் செய்கிறேன்.

கோபம் போனதும் உங்களுக்கு எழுதலாம் என்றுதான் இருந்தேன். அது போகிற மாதிரி தெரியவில்லை. அதனால் இப்போதே எழுதிவிட்டேன்.

கிருஷ்ணப்ரியா